முகக்கவசம் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கொரோனா காலம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் எங்கள் நுரையீரல் புறநோயாளிப் பிரிவில் வாரம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "சார், எந்த மாஸ்க் வாங்கணும்?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருப்பதில்லை, உடன் வந்திருக்கும் மகனோ, மகளோ, மருமகளோதான் கேட்கிறார்கள். கையில் ஏற்கெனவே ஒன்றிரண்டு உறைகள் இருக்கும். ஒன்று பேருந்து நிலையத்தில் வாங்கியது, மற்றொன்று இணையத்தில் தருவித்தது. இரண்டிலும் 'என்95' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒன்று உண்மையாகவே அந்தத் தரம் உடையதாக இருக்கலாம். மற்றொன்று வெறும் துணியாக இருக்கலாம். வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிவது எளிதன்று. ஆனால் கற்றுக்கொள்ள முடியாததும் அன்று. அதற்காகவே இக்கட்டுரை.

யாருக்குத் தேவை?

எல்லோரும் எப்போதும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும் என்று இன்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஆனால் சிலருக்கு அது அன்றாடத் தேவை. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், முடக்குவாதத்திற்கும் தோல் நோய்களுக்கும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோர் நெரிசலில் செல்லும்போது அணிய வேண்டும். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஜிப்மருக்கு அதிகாலைப் பேருந்தில் சிகிச்சைக்குச் செல்வோர் பலர். நோய் எதிர்ப்பு அணுக்கள் மிகக் குறைந்திருக்கும் அந்த நாட்களில், சன்னல் மூடிய பேருந்தில் இருமுவோர் நடுவே ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்திருப்பது சிறிய செய்தியன்று.

அடுத்து, காசநோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வீட்டார். அவர்களைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது வகையினரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தூசியில் உழைப்பவர்களைச் சொல்கிறேன். திருவக்கரை, வானூர் பக்கத்துக் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் வேலை செய்வோர், அரிசி ஆலையில் உமித்தூசியை நாள்முழுதும் சுவாசிப்போர், மல்லாட்டை உடைக்கும் ஆலைகளில் நிற்கும் பெண்கள் இவ்வகையினர். கல்லை உடைக்கும்போது எழும் சிலிக்காத் துகள்களில் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவைதாம் நுரையீரலின் அடிவரை செல்கின்றன. அங்கே அவை உண்டாக்கும் தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. அத்துடன், சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோயும் எளிதில் பற்றுகிறது. கிரஷரில் வேலை செய்யும் ஒருவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு "பழகிடுச்சு சார்" என்று சொல்லும்போது, பழகியது அவருடைய மூக்குதான், நுரையீரல் அன்று.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் சுவரிலும் மெத்தையிலும் பூஞ்சணம் பூக்கும். அதைச் சுரண்டித் துடைக்கும் வேலையைப் பெரும்பாலும் வீட்டில் உள்ள பெண்களே செய்வார்கள். ஆஸ்துமா உள்ளவர் அவ்வேலையை முகக்கவசமின்றிச் செய்யவே கூடாது. இயன்றால் வேறொருவரிடம் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

சல்லடை அன்று

முகக்கவசம் சல்லடையைப் போல் வேலை செய்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். துளையைவிடப் பெரியது நின்றுவிடும், சிறியது புகுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல முகக்கவசத்தின் உள்ளே நடப்பது வேறு. நடு அடுக்கில் பாலிப்ரோப்பிலின் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, சிலந்தி நூலினும் மெல்லிய இழைகளாகத் தாறுமாறாகப் படியவைத்திருப்பார்கள். அவ்விழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். காய்ந்த தலைமுடியில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்கின் அருகே கொண்டுசென்றால் துணுக்கு தாவி ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதே விசைதான் துகளை இழையின் பக்கம் இழுக்கிறது. பெரிய துகள் நேராகச் சென்று இழையில் மோதுகிறது. மிக நுண்ணிய துகள் காற்றில் அங்குமிங்கும் அலைந்து இழையில் சிக்குகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட, சுமார் 0.3 மைக்ரான் அளவுத் துகளே தப்பிச் செல்வதில் வல்லது. ஆகவேதான் சோதனைக்கு அந்த அளவைத் தேர்ந்தெடுத்தார்கள். 'என்95' என்றால், மிகக் கடினமான அந்தத் துகளிலேயே நூற்றுக்கு 95-ஐயாவது அது பிடிக்க வேண்டும் என்று பொருள்.

இந்த மின்னூட்ட முறையை 1990-களில் மேம்படுத்தியவர் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, தைவானில் பிறந்த பீட்டர் சாய். அவருக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்தே, 1910–11 மஞ்சூரிய நுரையீரல் பிளேக்கின்போது, மெல்லிய துணி அடுக்குகளுக்கிடையே பஞ்சு வைத்துத் தைத்த முகக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். அவருடைய கருத்தை ஏற்காமல் முகக்கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களில் அந்நோயாலேயே இறந்தார். இன்று நாம் கடையில் கேட்டு வாங்கும் பொருளுக்கு இப்படி ஒரு பழைய வரலாறு உண்டு.

மின்னூட்டம் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என்95-ஐச் சோப்பு நீரில் அலசினாலோ, சானிடைசரைத் தெளித்துத் துடைத்தாலோ அந்த மின்னூட்டம் குலைந்துவிடும். கவசம் பார்வைக்கு முன்னிலும் தூய்மையாகத் தெரியும். வேலை செய்யும் திறனோ குறைந்திருக்கும். துவைத்துக் காயவைத்து அணியும் பழக்கத்தை நம் நோயாளிகளிடம் நிறையக் காண்கிறேன். சிக்கனம் நல்லதுதான். அதற்கு வேறு வழி இருக்கிறது, இறுதியில் சொல்கிறேன்.

மூன்று வகைகள்

துணி முகக்கவசத்தை 2020-இல் தமிழக அரசே நியாயவிலைக் கடைகள் வழியாக ஆளுக்கு இரண்டு வீதம் வழங்கியது. வேறெதுவும் கிடைக்காத வேளையில் அது உதவியது. இன்றைக்கு எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளி ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றடுக்கு அறுவை முகக்கவசம் இரண்டாவது வகை. அணிபவரின் இருமல் துளிகள் பிறர்மேல் படாமல் தடுப்பதே இதன் முதற்பணி. அணிபவருக்கும் ஓரளவு காப்பு தருகிறது. 2020 நவம்பரில் தொடங்கி 2021 ஏப்ரல் வரை வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அறுவை முகக்கவசம் வழங்கி ஊக்குவித்த கிராமங்களில், அறிகுறியுடன் கூடிய, இரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று சுமார் 11 விழுக்காடு குறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் 35 விழுக்காடு குறைந்தது. அக்கிராமங்களிலும் பாதிப்பேருக்குக் குறைவானவர்களே முறையாக அணிந்தார்கள் என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்களின் மதிப்பு விளங்கும். துணிக்கவசம் வழங்கிய கிராமங்களில் இவ்வளவு தெளிவான பயன் தென்படவில்லை.

மூன்றாவது வகை என்95, எஃப்எஃப்பி2 முதலிய, முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டிக் கவசங்கள். அணிபவரைக் காப்பதற்கென்றே செய்யப்பட்டவை இவை. நோயாளியின் தேவை தற்காப்பு என்றால் இதைத்தான் வாங்க வேண்டும். நோயாளி இருமும்போது பிறரைக் காப்பதே தேவை என்றால் அறுவை முகக்கவசம் போதும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

போலிகள் எப்படிப் பெருகின?

2020 சனவரி 30 அன்று கேரளத்தில் நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மறுநாளே முகக்கவச ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. மார்ச் 13-இல் முகக்கவசம் அத்தியாவசியப் பொருளாக அறிவிக்கப்பட்டது. ஒரு வாரத்தில், இரண்டடுக்குக் கவசம் 8 ரூபாய், மூன்றடுக்குக் கவசம் 10 ரூபாய் என்று சூன் இறுதி வரை உச்சவிலை வகுக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம், கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாக நம் மாவட்டத்தில் தொற்று திடீரென ஏறியபோது, மளிகைக் கடையிலிருந்து செல்போன் கடை வரை எல்லா இடத்திலும் முகக்கவசம் தொங்கியது. தையல் இயந்திரம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தைத்தார்கள். அதில் குற்றம் காண முடியாது. ஆனால் பையில் பயன்படும் சாதாரண நெய்யாத் துணியில் தைத்து, அதன்மேல் 'என்95' என்று முத்திரையிட்டு விற்றவர்களும் அந்த நெரிசலிலேயே புகுந்தார்கள். நெரிசல் கலைந்த பிறகும் அந்தச் சரக்கு சந்தையை விட்டுப் போகவில்லை.

உறையில் எதைத் தேடுவது?

முதலில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். நம் நாட்டில் இவ்வகை வடிகட்டிக் கவசங்களுக்கான தரநிலை எண் ஐ.எஸ். 9473. அதில் எஃப்எஃப்பி2 என்ற வகுப்பு, குறைந்தது 94 விழுக்காட்டுத் துகளைப் பிடிக்க வேண்டும். நடைமுறையில் என்95-க்கு இணையாக இதைக் கொள்ளலாம். முத்திரையின் மேலே ஐ.எஸ். 9473 என்ற எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரை மட்டும் இருந்து உரிம எண் இல்லையென்றால் அதை நம்ப வேண்டாம்.

உரிம எண்ணைச் சரிபார்ப்பது மிக எளிது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியைக் கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உரிம எண்ணை அதில் உள்ளிட்டால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது, இப்போது நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். உறையில் உள்ள நிறுவனப் பெயரும் செயலியில் வரும் பெயரும் பொருந்த வேண்டும். தலைக்கவசத்துக்கு வாங்கிய எண்ணை முகக்கவச உறையில் அச்சிட்டால்கூட இதில் அகப்பட்டுவிடும். வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளையிடம் இவ்வேலையை ஒப்படையுங்கள். ஒரு நிமிடத்தில் செய்துவிடுவான்.

'என்95' என்பது அமெரிக்கத் தரம். அதை வழங்குவது நியோஷ் என்னும் அந்நாட்டுத் தொழில்சார் உடல்நல நிறுவனம். உண்மையான நியோஷ் கவசத்தின் மீதே அந்நிறுவனப் பெயர், தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், 'டி.சி.–84ஏ' என்று தொடங்கும் ஒப்புதல் எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். அத்துடன், தலையைச் சுற்றிச் செல்லும் இரண்டு பட்டைகள் இருக்கும். காதில் மாட்டும் வளையம் வைத்து 'நியோஷ் என்95' என்று எழுதியிருந்தால் ஐயப்படுங்கள். குழந்தைகளுக்கான நியோஷ் என்95 என்று விற்பதும் பொய். அவர்கள் குழந்தைகளுக்கு ஒப்புதல் தருவதே இல்லை. பூ வேலைப்பாடும் பளபளப்பும் உள்ளவையும் அப்படியே.

'கேஎன்95' சீனத் தரம், 'கேஎஃப்94' கொரியத் தரம். இவற்றில் நல்லவை உண்டு. ஆனால் நம் ஊர்க் கடையில் தொங்கும் கேஎன்95 உண்மையா என்று சரிபார்க்க நோயாளிக்கு எளிய வழியில்லை. ஆகவே இந்திய முத்திரை உள்ளதையே நான் சொல்லி அனுப்புகிறேன். ஐரோப்பிய 'சிஇ' குறி இருந்தால், எஃப்எஃப்பி2 கவசத்தில் அதன் அருகே நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்க வேண்டும்.

உறையில் கண்ணைக் கவரும் வேறு சில சொற்களுக்கு மயங்க வேண்டாம். 'ஐஎஸ்ஓ 9001' என்பது தொழிற்சாலை நிர்வாக முறைக்கான சான்று. உள்ளே இருக்கும் கவசம் எதை வடிகட்டும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உலக சுகாதார நிறுவனம் கடையில் விற்கும் முகக்கவசங்களுக்கு முத்திரை குத்தித் தரும் அமைப்பு அன்று. 'ஆறடுக்கு' என்பதும் பெருமைக்குரியதன்று: மின்னூட்டம் ஏறிய நல்ல அடுக்கு ஒன்று, ஆறு வெற்று அடுக்கைவிட மேல்.

அறுவை முகக்கவசத்துக்கு ஐ.எஸ். 16289 என்ற தனித் தரநிலை உண்டு. கடையில் ஐம்பது கொண்ட பெட்டியாக வாங்கினால் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கத்தரிக்கோல் சோதனை

பெட்டியாக வாங்கிய அறுவை முகக்கவசத்தில் ஒன்றைத் தியாகம் செய்து குறுக்கே வெட்டிப் பாருங்கள். மூன்று அடுக்குகள் தனித்தனியே பிரிய வேண்டும். வெளி அடுக்கு நிறமுள்ளதாக, நீர் ஒட்டாததாக இருக்கும். உள் அடுக்கு வெண்மையாக மென்மையாக இருக்கும். இவ்விரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் தெரியும். நடு அடுக்கில் அந்தப் புள்ளித் தடம் தெரியக் கூடாது. மெல்லிய பஞ்சுத் தாள் போல ஒரே சீராக, ஒளியைச் சற்று மறைப்பதாக இருக்க வேண்டும். அதைச் சிறு காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால் சில ஒட்டிக்கொள்வதும் உண்டு. நடு அடுக்கே இல்லை, அல்லது அங்கும் அதே புள்ளித் துணிதான் இருக்கிறது என்றால், அந்தப் பெட்டி தூசி தட்டத்தான் உதவும்.

மெழுகுவத்திச் சோதனை என்று ஒன்று வாட்சப்பில் சுற்றியது. முகக்கவசம் அணிந்து ஊதினால் சுடர் அணையக் கூடாதாம். படுமோசமான கவசத்தைக் கண்டுபிடிக்க அது உதவலாம். நல்லதை உறுதிப்படுத்த உதவாது. ஆக்சிசன் சிலிண்டரோ செறிவூட்டியோ உள்ள வீட்டில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். கவசத்துக்குத் தீ வைத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது: ரசீது தரும் மருந்துக் கடையில் வாங்குங்கள். உறையில்லாமல் கயிற்றில் தொங்குவதையும், கடைக்காரர் கைவிட்டு எடுத்து எண்ணித் தருவதையும் தவிர்த்துவிடுங்கள். கல்குவாரி, ஆலைத் தொழிலாளர்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. தொழிற்பாதுகாப்புப் பொருட்கள் விற்கும் வன்பொருள் கடைகளில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள தூசிக்கவசங்கள் மருந்துக் கடையைவிடக் குறைந்த விலையில் கிடைப்பதுண்டு. உண்மையில், இதை வாங்கித் தர வேண்டியது முதலாளியின் கடமை. தொழிலாளி தன் கூலியிலிருந்து வாங்கும்படி விடுவது முறையன்று. இணையத்தில் வாங்குவதென்றால், தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ விற்பனைப் பக்கமா என்று பார்த்து வாங்குங்கள். ஐந்து ரூபாய்க்கு என்95 என்றால் அது என்95 அன்று.

வால்வு உள்ளதா, இல்லாததா?

மூச்சை வெளிவிட எளிதாக முன்புறம் சிறு பிளாஸ்டிக் வால்வு வைத்தவை உண்டு. உள்ளே வரும் காற்று வடிகட்டப்படும். வெளியே செல்வது பெருமளவு அப்படியே செல்லும். இதனாலேயே 2020 சூலையில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம், பொதுமக்கள் வால்வு உள்ளவற்றை அணிவதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கல்குவாரித் தூசிக்கு வால்வு உள்ளது தகும். வெயிலில் வேலை செய்பவருக்கு அதுவே தாங்கும். இருமல் உள்ளவர் வால்வுள்ளதை அணிவதில் பயனில்லை.

பொருந்தாவிட்டால் பயனில்லை

எவ்வளவு தரமான கவசமும் கன்னத்தின் ஓரம் ஒரு விரற்கடை திறந்திருந்தால் தோற்றுவிடும். காற்று எப்போதும் எளிய வழியைத் தேடுகிறது. இடைவெளி இருந்தால் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு அந்த வழியாகவே உள்ளே போகும்.

என்95-ஐ அணியும் முறை இது. மூக்கின் மேல் வரும் உலோகத் தகடு மேற்புறம் இருக்கும்படி கவசத்தை முகத்தில் பொருத்துங்கள். மேற்பட்டை காதுகளுக்கு மேலாகச் சென்று உச்சந்தலையின் பின்புறம் நிற்க வேண்டும். கீழ்ப்பட்டை காதுகளுக்குக் கீழாகப் பிடரியில் நிற்க வேண்டும். பின்னல் போட்ட பெண்கள் கீழ்ப்பட்டையைப் பின்னலுக்கு உள்ளே, கழுத்தை ஒட்டிக் கொண்டுசெல்லுங்கள். பின்னலின்மேல் போட்டால் நடக்க நடக்க நழுவும். பிறகு இரண்டு கைகளின் விரல்களால் தகட்டை மூக்கின் வடிவுக்கு அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பி, இருபக்கமும் இடைவெளி விழும். கடைசியில் இரு உள்ளங்கைகளாலும் கவசத்தை மூடிக்கொண்டு மூச்சை வேகமாக விடுங்கள். கண்ணோரத்திலோ கன்னத்திலோ காற்று படுகிறதா? படுமானால் சரிசெய்யுங்கள். உள்ளிழுக்கும்போது கவசம் சற்றே முகத்தை நோக்கி ஒட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருக்கிறதென்றால் மேலே கசிகிறது என்று பொருள்.

தாடி ஒரு தடை. கார்த்திகையில் மாலை போட்டு தாடி வளர்த்திருக்கும் நாட்களில் என்95 முழுப்பயன் தராது. கவசத்தின் ஓரத்துக்கும் தோலுக்கும் இடையே ஒவ்வொரு மயிரும் ஒரு சிறு வாய்க்கால். விரதத்தை விடச் சொல்லவில்லை. அந்த நாட்களில் கவசத்தை மட்டும் நம்பி நோயாளியின் படுக்கையருகே அமர வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

என்95 கைக்கு எட்டவில்லை என்றால், அறுவை முகக்கவசத்தின் மேல் இறுக்கமான துணிக்கவசம் ஒன்றை அணியலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், தனித்தனியே ஏறத்தாழ பாதி இருமல் துகள்களையே தடுத்த இவ்விரண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தபோது ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்தன. துணி எதையும் புதிதாக வடிகட்டிவிடவில்லை. உள்ளே இருப்பதை முகத்தோடு அழுத்திப் பிடித்தது, அவ்வளவே. என்95-இன் மேல் இன்னொன்று அணிவது தேவையற்றது.

காசநோயாளி இருக்கும் வீடு

இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இங்கே முகக்கவசம் நோயைத் தடுப்பதோடு குடும்பத்தைப் பிரிக்கவும் பயன்பட்டுவிடுகிறது. கவசம் அணிந்த நோயாளியைத் திண்ணையில் ஒதுக்கி, தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். காசநோய் தட்டால் பரவுவதில்லை; காற்றால் பரவுகிறது.

சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், உலகப் புகழ்பெற்ற ஓர் ஆய்வைச் செய்தது. ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பிரிவினரை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்தும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தார்க்குக் கூடுதல் ஆபத்து ஏதும் நேரவில்லை. காரணம், மருந்து தொடங்கியபின் பரவும் தன்மை விரைவாகக் குறைந்துவிடுகிறது. தொற்று ஏற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மருந்துக்கு முன்பே ஏற்பட்டிருக்கும். ஆகவே முதன்மையான காப்பு மருந்துதான். அடுத்தது திறந்த சன்னல். முகக்கவசம் அவற்றுக்குப் பின்னால் வருவது.

யார் எதை அணிவது? நோயாளி அறுவை முகக்கவசம் அணியட்டும். 2012-இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். மருந்துக்கு அடங்காத காசநோயாளிகள் தங்கியிருந்த அறைகளின் காற்றைக் கினிப்பன்றிகள் சுவாசிக்கும்படி அமைத்தார்கள். நோயாளிகள் முகக்கவசம் அணியாத நாட்களின் காற்றைச் சுவாசித்த 90 கினிப்பன்றிகளில் 69-க்குத் தொற்று ஏற்பட்டது. அணிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்த 90-இல் 36-க்கு மட்டுமே ஏற்பட்டது. நோயாளி அணிந்த எளிய மூன்றடுக்குக் கவசம் செய்த வேலை அது. கவனித்துக்கொள்பவர், சிகிச்சையின் தொடக்க வாரங்களில் நோயாளியின் அறையில் நெடுநேரம் இருக்க நேர்ந்தால் என்95 அல்லது எஃப்எஃப்பி2 அணிய வேண்டும். பல மருந்துகளுக்கு அடங்காத வகை என்றால் எவ்வளவு நாள் என்பதை மருத்துவர் சொல்வார். சளிப் பரிசோதனை சீரானபின், நோயாளி தன் பேரனைத் தூக்கிக் கொஞ்சலாமா என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியான விடையே கிடைக்கும்.

எதற்கு உதவாது?

என்95 துகளைத்தான் பிடிக்கும். வாயுவையும் ஆவியையும் பிடிக்காது. வயலில் பூச்சிமருந்து அடிப்பவர் என்95-ஐ அணிந்துகொண்டு காப்பு கிடைத்ததாக எண்ணுவது ஆபத்து. தின்னர் கலந்த பெயிண்ட் அடிப்பவரும் அப்படியே. அவற்றுக்கு இரசாயன உருளை பொருத்திய தனிவகைக் கவசம் வேண்டும். போகியன்று டயர் எரியும் புகையில், கரித்துகளை அது ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர் அன்று விடியலில் சன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதே நலம். ஆக்சிசன் குறைவான கிணற்றிலோ கழிவுத்தொட்டியிலோ இறங்குவதற்கு எந்த வடிகட்டிக் கவசமும் உதவவே உதவாது. அங்கே வடிகட்ட நல்ல காற்றே இல்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், தானாகக் கவசத்தைக் கழற்ற இயலாதவருக்கும், உறங்குபவருக்கும் அணிவிக்கக் கூடாது. நாட்பட்ட மூச்சடைப்பு நோய் முற்றியவர்களுக்கு என்95 திணறலைத் தரலாம். அவர்கள் எங்கள் முன்னிலையில் பத்து நிமிடம் அணிந்து நடந்து பார்த்து, ஆக்சிசன் அளவைக் கணித்துக்கொண்டபின் தொடங்குவது நல்லது. தாங்கவில்லை என்றால் அறுவை முகக்கவசத்தோடு நெரிசலைத் தவிர்ப்பது போதும்.

செலவும் சேமிப்பும்

ஒரு கவசம் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கொன்று என்றால் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. நான்கு வாங்குங்கள், 240 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை எடுத்து 1, 2, 3, 4 என்று எழுதி, முதல் நாள் முதலாவதை அணிந்து அதே உறையில் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். மறுநாள் இரண்டாவது. முதலாவதின் முறை மீண்டும் வரும்போது அது நன்கு உலர்ந்திருக்கும். அதில் ஒட்டிய வைரசுகளும் பெரும்பாலும் செயலிழந்திருக்கும். ஒவ்வொன்றையும் ஐந்து முறை அணிந்தால் இருபது நாட்கள் வரும். நாளொன்றுக்கு 12 ரூபாய். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கிவிடும். கட்டாயம் காகித உறைதான். பட்டை தளர்ந்தாலோ, நனைந்தாலோ, கிழிந்தாலோ, மூச்சிழுக்கக் கடினமானாலோ ஐந்து முறை ஆகாவிட்டாலும் எறிந்துவிடுங்கள். கிரஷர் தூசியில் அணிந்தது ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். அதற்கு இக்கணக்கு பொருந்தாது. அறுவை முகக்கவசம் ஒரு நாளைக்குத்தான்.

எறியும்போது பட்டையை வெட்டி, இரண்டாகக் கத்தரித்து, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் சேருங்கள். வெட்டச் சொல்வது, பொறுக்கி அலசி மீண்டும் விற்பவர் கைக்கு அது போகாமல் இருக்க.

வாங்கிய உறையையும் ரசீதையும் கவசம் தீரும்வரை வைத்திருங்கள். உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினாலோ, உரிம எண் போலி என்று செயலியில் தெரிந்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே முறையிடலாம். போலி முத்திரையை 'பிஐஎஸ் கேர்' செயலியிலும் படத்துடன் புகார் செய்ய வழி உண்டு. செயலி வைத்துக்கொள்ளாதவர்கள், கவசத்தை உறையோடு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு எடுத்து வாருங்கள். செவிலியர் பார்த்துச் சொல்வார்கள். அப்படியே அதை அணிந்தும் காட்டுங்கள்.